உடுப்புத் தோய்க்கிற கல்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவு கால்வாயில் போய் முடியும். வேலி என்று சொல்ல இரண்டு மூன்று கிளுவந்தடியும் துருப்பிடித்த முட்கம்பியும் இருந்தன. அதற்கு அங்கால், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, சின்ன மேசையளவு கருங்கல் ஒன்று கிடந்தது. உடுப்புத் தோய்க்கிற கல் என்று அதற்குப் பெயர். அதில் யாரும் உடுப்புத் தோய்த்து நான் கண்டதில்லை. குழாய்த் தண்ணீர் வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. கால்வாயில் நனைத்தால் வெள்ளை வேட்டி தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். பெயர் மட்டும் கல்லை விட்டுப் போகாமல் இருந்தது.

விடிந்ததும் அம்மம்மாவின் முதல் வேலை அந்தக் கல்லைக் கழுவுவது. ஒரு கையில் வாளி, மற்றக் கையில் தும்புத்தடி.

“உந்த மரநாய்ச் சனியனுக்கு ஊரில வேற இடமே கிடைக்கேல்லையோ?”

கல்லின் நடுவில் விரல் நீளத்துக்கு, தார் போல, கறுப்பாக ஏதோ அப்பியிருக்கும். வெயில் பட்டால் அதற்குள் மீன்செதில் மினுங்கும். ஊசி ஊசியாக முள்ளு. சில நாட்களில் நண்டோட்டுத் துண்டு. அம்மம்மா முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீரை ஊற்றித் தேய்ப்பார். அடுத்த நாள் விடிய, அதே கல்லில், அதே இடத்தில், அது திரும்பவும் இருக்கும். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. பாணுக்கு இருட்டோடு போய் வரிசையில் நின்ற காலம் என்பதால் 1973, 74 என்று ஆண்டு நன்றாக நினைவிருக்கிறது. பாண் வாங்கப் போகிறவன் நான். போகும்போது கல்லைப் பார்த்துவிட்டுப் போவேன்.

நாற்பது வருடம் கழித்து, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், மெட்வே ஆற்றில் சேருகிற சிற்றோடை ஒன்றின் பாலத்துக்கு அடியில் ரப்பர் சப்பாத்துடன் முழங்காலில் நின்று ஒரு கல்லை மோந்து பார்த்தேன். நீர்நாய்க் கணக்கெடுப்புக்கு ஆட்கள் தேவை என்று நூலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. பயிற்சி தந்த பெண்மணி, கூச்சப்படாமல் மூக்கைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். அமெரிக்க மிங்க் என்ற பிராணியின் எச்சம் என்றால் அழுகல் நாற்றம் வரும்; நீர்நாயுடையது என்றால் மல்லிகைத் தேநீர் வாசம் வரும் என்றார். அந்த ஊரில் இது எல்லோரும் சொல்லுகிற அடையாளம்தானாம்.

மோந்தேன். கொஞ்சம் மீன், கொஞ்சம் வைக்கோல், அவற்றுக்கு மேலே மல்லிகை. புதுப் பூ இல்லை. இரவு முழுக்கத் தலையில் இருந்து, காலையில் தலையணையில் நசிந்து கிடக்கிற பூ. அதற்குப் பிறகுதான் கண்ணால் பார்த்தேன். கறுப்பு, தார், செதில், முள்ளு. “கல்லு” என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

நீர்நாய் பெரும்பாலும் இரவில் திரியும். ஆள் கண்ணில் படாது. ஆகவே அதைத் தேடுகிறவர்கள் அதன் எச்சத்தைத் தேடுகிறார்கள். 600 மீட்டர் கரையை நடக்க வேண்டும். துருத்தி நிற்கும் கல், பாலத்தின் அடித்திண்ணை, இரண்டு ஓடைகள் கூடும் முனை என்று அது விரும்புகிற இடங்கள் சில உண்டு. இந்தத் துண்டு ஆறு என்னுடையது, இங்கே மீன் பிடித்துக்கொண்டிருப்பது நான் என்று மற்ற நீர்நாய்களுக்கு அது எழுதி வைக்கிற கடிதம்தான் எச்சம். கணக்கெடுப்புத் தாளில் மூன்று கட்டங்கள்: புதியது, காய்ந்தது, பழையது. பழையதை எல்லாம் வழித்து எடுத்துவிட்டு, சில நாளில் திரும்பி வந்து எத்தனை புதிதாக வந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னும் திருத்தமான முறை என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மம்மா ஒருநாள் தவறாமல், ஞாயிறு லீவுகூட எடுக்காமல், அந்தத் திருத்தமான முறையைத்தான் செய்துகொண்டிருந்தார். குறிப்பு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதியிருந்தால் ‘மரநாய்’ என்று எழுதியிருப்பார்.

அந்த இரண்டு கல்லுக்கும் இடையில் எச்சம்தான் ஒரே உறவு என்று நினைத்திருந்தேன். பிறகு வாசித்தபோது தெரிந்தது, பிராணியும் அதேதான். இந்தியாவில் நீர்நாய் மூன்று இனம். இலங்கையில் ஒன்றே ஒன்று, அயர்லாந்தில் தொடங்கி ஐரோப்பா ஆசியா முழுக்கப் பரந்த லுட்ரா லுட்ரா. மெட்வேயில் நான் மோந்து பார்த்ததும் களனி கங்கையில் இருப்பதும் ஒரே இனம். நம் பக்கத்து வகைக்கு அறிவியல் பெயரில் மூன்றாவதாக ஒரு சொல் சேரும்: ‘நைர்’. புதுச்சேரியிலிருந்து கிடைத்த பிராணிக்கு பிரெடெரிக் கூவியே 1823இல் வைத்த பெயர். நம்முடைய ‘நீர்நாய்’ பாரிஸ் போய்ச் சேரும்போது நனைந்து சுருங்கி அப்படி ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மருதத்திணைப் பாட்டுகள் படித்தோம். வாளை மீனைப் பிடித்துத் தின்னுகிற நீர்நாய் அவற்றில் வரும். யாளி, அன்னம், அசுணம் வரிசையில் அதையும் வைத்துவிட்டு நான் பரீட்சை எழுதினேன். எங்கள் வீட்டுப் பின்வளவு மருதம் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை.

இங்கிலாந்துக்காரருக்கும் நீர்நாய் கிட்டத்தட்டக் கைவிட்டுப் போன பொருள்தான். 1955 அளவில் டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி அங்கே விதைகளுக்கும் செம்மறிகளைக் குளிப்பாட்டும் தொட்டிகளுக்கும் வந்தது. மழையோடு ஓடைக்குப் போய், சின்ன மீனில் ஏறி, விலாங்கின் கொழுப்பில் தங்கி, விலாங்கை விரும்பித் தின்னும் நீர்நாய்க்குள் சேர்ந்தது. 1957இலிருந்து நீர்நாய் குறையத் தொடங்கியதை யாருடைய பதிவு காட்டிக் கொடுத்தது தெரியுமா? நாய்களை ஏவி நீர்நாய் வேட்டையாடிய கனவான் சங்கங்களின் பேரேடுகள். பொழுதுபோக்குக்குக் கொன்றவர்கள் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். 1977-79இல் நாடு முழுக்கக் கரை நடந்து பார்த்தபோது நூறு இடத்தில் ஆறு இடத்தில்கூட எச்சம் இல்லை, 5.8 வீதம். நஞ்சு தடைசெய்யப்பட்டு, வேட்டையும் 1978இல் நின்று, முப்பது வருடம் கழித்து, 2009-10இல் அது 58.8 வீதம். கடைசியாக நீர்நாய் திரும்பிய மாவட்டம் கென்ட், 2011இல். நான் அங்கே குடியிருந்தது தற்செயல்.

தண்ணீரைப் பார்க்க எனக்குப் பழக்கியவர் மாமா. அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, கையில் எப்போதும் மை. ஞாயிற்றுக்கிழமைகளில் 102ஆம் இலக்கச் சிவப்பு பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போவார். புனித லூசியாள் பேராலயத்தின் கோபுர வட்டம் தெரிகிற ஒழுங்கையில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போவோம். சிங்களத்தில் மோதர, ஆங்கிலத்தில் மட்வல். தமிழ்ப் பெயர் அந்த இடத்தைக் கையால் காட்டுகிறது. சிவனொளிபாதமலைப் பக்கம் உற்பத்தியாகி 145 கிலோமீட்டர் ஓடி வந்த களனி கங்கை அங்கேதான் கடலுக்கு வாய் திறக்கிறது. செம்மண் நிறத்தில் ஆறு, பச்சையாகக் கடல், இரண்டுக்கும் நடுவில் நுரைக்கோடு. மாமா முதலில் தூண்டிலை எடுக்கமாட்டார். குந்தியிருந்து ஒரு சுருட்டு முடியும்வரை தண்ணீரைப் பார்ப்பார்.

நுரை காற்றில் உடைகிறதா, பால்நுரை போலக் கரையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? ஒட்டினால் மேலே எங்கேயோ சவர்க்காரமோ வேறு ஏதோ கலந்திருக்கிறது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதா? அப்படியானால் தண்ணீரில் மூச்சில்லை. பாசி பகலில் மூச்சு விடும், இரவில் அதுவும் சேர்ந்து இழுக்கும், ஆகையால் விடியும் நேரம்தான் தண்ணீருக்கு மிகக் கஷ்டமான நேரம் என்பதெல்லாம் நான் பிறகு புத்தகத்தில் படித்தது. மாமா சொன்னது, “விடியப் பார்த்தாத்தான் உண்மை தெரியும், மத்தியானம் எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணிதான்.”

இன்னொன்றும் சொன்னார். நான் பிடிபட்டதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு.

“எத்தினை மீன் எண்டு எண்ணாத. எத்தினை சாதி எண்டு எண்ணு.”

கொடுவா, திரளி, கெளிறு, ஓரா, விலாங்கு. ஐந்து சாதி என்றால் மாமாவுக்கு நல்ல நாள். ஜேம்ஸ் கார் என்ற அமெரிக்கர் 1981இல் ஓடைகளின் நலத்தை மீனை வைத்து அளக்க ஒரு முறை எழுதினார். இன்றைக்கு உலகம் முழுவதும் அதையோ அதன் பிள்ளைகளையோதான் பயன்படுத்துகிறார்கள். எத்தனை வகை, அழுக்கைத் தாங்கும் மீன் எத்தனை பங்கு, மற்ற மீனைத் தின்னும் பெரிய மீன் இருக்கிறதா, உடம்பில் புண் இருக்கிறதா என்று பல கேள்விகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவது. மாமா புள்ளி போடவில்லை. சுருட்டை அணைத்துவிட்டுத் தூண்டிலைப் போடுவார், அல்லது “வா, போவம்” என்று எழும்பிவிடுவார். எழும்பிவிட்ட நாட்களில் கொச்சிக்கடையில் இறங்கி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, சைவக் கடையில் தோசை சாப்பிட்டு வீட்டுக்கு வருவோம்.

எங்கள் கால்வாயை மாமா ஆறாகவே மதிக்கவில்லை. அதில் கிடைப்பது யப்பான் மீன். பெயரை நம்ப வேண்டாம், அது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட திலாப்பியா. மூச்சுக் குறைந்த தண்ணீரில் மேற்பரப்புக்கு வந்து வாயால் உறிஞ்சிச் சமாளிக்கும். “அது சாக்கடைக்குள்ளயும் குடும்பம் நடத்தும்” என்பார் மாமா. பேரை வாவியில் கூட்டமாக மீன் செத்து மிதந்ததாகப் பத்திரிகையில் வந்தால், யப்பான் மீனும் செத்ததோ என்று கேட்பார். செத்திருந்தால்தான் அவருக்கு அது செய்தி.

இங்கேதான் என்னுடைய மல்லிகைக் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கென்டில் பலர், நீர்நாய் வந்துவிட்டது, ஆறு தேறிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நானும் கொஞ்சநாள் சொன்னேன். சிங்கப்பூரைப் பாருங்கள். 1977இலிருந்து பத்து வருடம் ஆற்றைத் துப்புரவாக்கினார்கள். 1998 அளவில் வேறு இன நீர்நாய் திரும்பி வந்தது. இன்று நகர நடுவில் குடும்பம் குடும்பமாகத் திரிகிறது. அவை கடித்துச் சுவைப்பதில் பெரும்பங்கு, வெளியிலிருந்து வந்து சேர்ந்த, நம் யப்பான் மீனுக்குச் சொந்தக்காரரான மீன்கள். நீர்நாய்க்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ மீன் வேண்டும். ஒளிந்து படுக்கக் கரையோரப் பற்றை வேண்டும். சாதி எத்தனை என்று அது எண்ணுவதில்லை. ஆகவே கல்லில் எச்சம் இருந்தால் அந்தத் தண்ணீரில் போதிய மீன் இருந்தது, கரையில் போதிய இருட்டு இருந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல மாமாவின் சுருட்டு வேண்டும்.

எங்கள் கால்வாயில் அந்த இரண்டும் இருந்தன. இருட்டுத்தான் முதலில் போனது என்று நினைக்கிறேன். 1979இலிருந்து கோட்டேயில் புதிய பாராளுமன்றத்துக்காகச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கினார்கள். ஜெப்ரி பாவா வரைந்த கட்டடம், 1982 ஏப்ரலில் திறந்தார்கள். அதைச் சுற்றி நிற்கும் தியவன்னா ஓயாத் தண்ணீர் கிருலப்பனைக் கால்வாய் வழியாக இறங்கி, தெஹிவளையிலும் எங்கள் வெள்ளவத்தையிலும்தான் கடலில் விழுகிறது. அங்கே பேசுகிறதெல்லாம் கடைசியில் நம்மட வளவுப் பக்கத்தாலதான் போகுது என்று மாமா பகிடி விடுவார். அந்த வருடங்களில் கால்வாய்க் கரைகளில் பற்றைகள் வெட்டுப்பட்டுப் பலகை வீடுகள் நெருங்கின. ஒரு காலையில் கல்லு காய்ந்து கிடந்தது. அடுத்த காலையிலும். அம்மம்மா ஒரு கிழமை வாளியோடு போய்ப் பார்த்துவிட்டு, “ஒழிஞ்சுது” என்றார். வாளி பிறகு மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனது. இதை நான் சோடித்துச் சொல்லவில்லை. பின்வாசலில் மல்லிகைப் பந்தல் ஒன்று இருந்தது. அதனால்தான் எந்த மணம் எதனுடையது என்று அந்த வளவில் யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை காலையிலும் கல்லு காய்ந்துதான் கிடந்தது. தமிழருக்கு எதிரான கலவரம் பரவி, மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறைக்குள் நாங்கள் ஆறு பேர். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

2019 பெப்ரவரியில் போனேன். கொழும்புக்கு அதற்கு முந்திய ஒக்ரோபரில் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்திருந்தது. உலகத்தில் முதலில் அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. வெள்ளவத்தைக் கால்வாய் அகன்றிருந்தது. கம்பிவலைக்குள் கருங்கல் அடுக்கிக் கரை கட்டியிருந்தார்கள். எங்கள் வளவு இருந்த இடத்தில் மாடிவீடு, கீழே கார்கள். காலி வீதிப் பாலத்திலிருந்து உள்பக்கமாக, பழக்கதோஷத்தில், 600 மீட்டர் நடந்தேன். ஒரு கபரகொய்யா வெயில் காய்ந்தது, நீர்க்காகம் இரண்டு, யோகட் கோப்பைகள். பாலத்து அடியில் பூனை. நடைபயிற்சிக்கு வந்த ஒரு ஐயா நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, “தம்பி, ஏதும் துலைச்சுப்போட்டீரோ?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்தநாள் முகத்துவாரம். பெயர் மாறவில்லை. ஆறு மாறியிருந்தது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே போனதில், மழை பொய்க்கும் காலங்களில் உப்புத் தண்ணீர் அம்பத்தளை வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. கொழும்பு குடிக்கிற தண்ணீரை எடுக்கும் இடம் அது. மணல்மூட்டை அடுக்கி அணை போட்டு உப்பை மறித்து வந்தார்கள். 2015 ஓகஸ்டில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்து ஆற்றில் கலந்து, நகரத்தின் குடிநீரே பாதிக்கப்பட்டது. நான் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்தேன். சுருட்டுப் பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. தூண்டில் போட்டிருந்த பொடியனின் வாளியில் ஆறு மீன், ஒரு சாதி.

திரும்புவதற்கு முந்தின விடியல், தலவத்துகொடவில் தியசரு பூங்காவுக்குப் போனேன். கொழும்பின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்னும் உண்டு. காவலாளியிடம் என்னுடைய ஓட்டைச் சிங்களத்தில் ‘தியபல்லா’ என்றேன். தண்ணீர் நாய், சிங்களத்திலும் அதே யோசனைதான். இருக்கு, இரவில் வரும், ஆளைப் பார்த்தால் போய்விடும் என்று கையாலும் வாயாலும் சொன்னார். பலகைப் பாதையின் ஒரு திருப்பத்தில், தண்ணீரை ஒட்டின மரக்குற்றியின் மேல், சாம்பல் நிறத்தில் பொடிந்துபோன ஒன்றைக் கண்டேன். செதில் இருந்தது. விரலால் தொட்டபோது உதிர்ந்தது. குனிந்து மோந்தேன். ஒன்றும் மணக்கவில்லை. பையில் இருந்த தாளை எடுத்து மூன்றாவது கட்டத்தில் அடையாளம் போட்டேன்.

மாமா இப்போது கனடாவில், ஸ்காபரோவில். வயது எண்பத்தாறு. கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். போன மாதம் தொலைபேசியில், அந்தக் கல்லில் கிடந்தது என்னவென்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“மரநாய் தண்ணிக்குள்ள இறங்கி நண்டு பிடிக்குமோடா?” என்றார்.

“அப்ப உங்களுக்குத் தெரியுமோ?”

“அம்மாட்டச் சொன்னா நாலு பேருக்குச் சொல்லுவா. அந்தக் காலத்தில தோலுக்குக் காசு.”

“கண்டனீங்களோ?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்கட ஆத்தில இப்ப என்ன மீன்?” என்று கேட்டார். ரோச், பேர்ச், பைக் என்று தெரிந்ததைச் சொன்னேன். தூண்டில்காரர் பிடித்து, நிறுத்து, படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

“பிடிச்சுப்போட்டு விடுறதோ?”

“ஓம் மாமா.”

“ஏன், குழம்பு வைக்கத் தெரியாதோ?” என்றார். பிறகு, “எத்தினை சாதி எண்டு சொன்னனீ, மூண்டோ?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.